ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனால் கடியும் பொருந்தவில்லை, விழுங்கவும் சிரமம்

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு வருடங்களுக்கு முன்பு கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள். வெகுநேரம் வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பல் உயரமாக இருப்பதுபோல் தோன்றவே, பலமுறை போய்த் தேய்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் வேறோர் இடம் இடித்தது. இப்போது இடது பக்கப் பற்கள் சேரவே இல்லை என்று தோன்றுகிறது. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. வலது காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம். ஆன்லைனில் நைட் கார்டு (தூங்கும்போது பற்களில் மாட்டும் உறை) வாங்கிச் சில மாதங்கள் போட்டேன். அப்புறம் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததுபோல் இருக்கிறது.

ஏறக்குறைய ஒரு வருடமாக விழுங்குவதும் சிரமம். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கிறது. நாக்கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சாப்பாடு பெரும்பாலும் இறங்குகிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகிறது. எடையும் குறைந்துவிட்டது. ஈ.என்.டி. மருத்துவர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மூளை ஸ்கேனும் நார்மல். அசிடிட்டி மாத்திரையால் பெரிய மாற்றம் இல்லை. ஒரு பல் மருத்துவர் பிரேஸ் போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாப் பற்களுக்கும் கேப் என்கிறார், மற்றொருவர் தாடையில் ஆபரேஷன் என்கிறார். வீட்டில் ‘எல்லாம் உன் மனசுதான்’ என்கிறார்கள். பிரேஸுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் போட வேண்டும். போடலாமா? நான் யாரைத்தான் பார்ப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பிரேஸ் இப்போது வேண்டாம். அதற்குத் தேதி குறித்திருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு என்றைக்குமே பிரேஸ் தேவைப்படாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் அப்படியே பாக்கி இருக்கின்றன. நீங்கள் விழுங்குவதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. தாடைத் தசையும் மூட்டும் வலியில் இருக்கும்போது பார்த்த கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதத்தை, வைத்துத்தான் எல்லோரும் திட்டம் போட்டிருக்கிறார்கள். இவை இரண்டும் தெளிவாகும்வரை பல்லைத் தேய்ப்பது, கேப் போடுவது, பல்லை நகர்த்துவது, தாடையை அறுப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது. சில மாதங்கள் பொறுப்பதால் உங்கள் பற்களுக்கு எந்தக் கேடும் வராது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது, ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பின்னாலும் வரும் அந்த ‘ஒன்றுமில்லை’. ஒரு பரிசோதனை நார்மல் என்றால், அந்தப் பரிசோதனை எதைத் தேடியதோ அது இல்லை, அவ்வளவுதான். ஈ.என்.டி. மருத்துவர் பார்த்தது தொண்டையின் அமைப்பை. கட்டி இருக்கிறதா, புண் இருக்கிறதா, குரல்நாண்கள் இரண்டும் சரியாக அசைகின்றனவா என்று பார்த்திருப்பார். அவசியமான சோதனைதான், அதில் ஒன்றும் இல்லாதது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எதையும் மென்று விழுங்கியதாக எழுதவில்லை. மூளை ஸ்கேன், பக்கவாதமோ கட்டியோ இல்லை என்கிறது. தசை மெல்ல மெல்லச் சோர்ந்துபோவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. கேட்க வேண்டிய சில கேள்விகள் கேட்கப்படவே இல்லை.

பல் மருத்துவரான நான் பல்லை விட்டுவிட்டு விழுங்குவதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், உங்கள் எடை. தொண்டையில் ஏதோ நிற்பதுபோல் உணர்வதும், சாப்பிட்டது உண்மையிலேயே நிற்பதும் வேறு வேறு. முதல் வகையில், வெறும் எச்சிலை விழுங்கும்போதுதான் தொந்தரவு தெரியும். சாப்பாட்டில் கவனம் போனதும் அது குறைந்துவிடும், சிலருக்கு மறைந்தே விடும். எடை குறையாது. தொந்தரவுதானே தவிர, ஆபத்து இல்லை. இரண்டாவது வகையில் சாப்பாடே சிக்கும். கெட்டியானதைத் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. சாப்பிடப் பயந்து சாப்பாட்டைக் குறைத்ததாலேயே எடை குறைந்திருக்கலாம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதை நாமாக ஊகித்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது.

உங்களுக்குத் தேவை, விழுங்கும்போதே பார்க்கிற பரிசோதனை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீடியோ எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த தண்ணீர், கூழ்போல் கெட்டியானது, மெல்ல வேண்டிய ஒன்று என்று வரிசையாகக் கொடுத்து, அது நாக்கிலிருந்து தொண்டைக்கும் அங்கிருந்து உணவுக்குழாய்க்கும் போவதைப் படமாகவே எடுப்பார்கள். இன்னொன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அது உள்ளே இருக்கும்போதே சாப்பிட வைத்துப் பார்ப்பது. உங்களுக்கு முன்பு விட்டதுபோன்ற கேமராதான், ஆனால் இந்த முறை உங்கள் வாயில் சாப்பாடு இருக்கும். இவற்றைப் பெரும்பாலும் ஈ.என்.டி. மருத்துவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து செய்வார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். விழுங்கும் பயிற்சியும் அவர்கள் துறைதான். நாக்கை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களே, அதற்குச் சரியான ஆள் அவர்தான்.

கூடவே குடல்-இரைப்பை மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால், உணவுக்குழாயிலிருந்து பயாப்சி (சோதிப்பதற்கான சிறு சதைத் துணுக்கு) எடுப்பார்களா என்று கேளுங்கள். ஒவ்வாமை சார்ந்த ஒருவகை உணவுக்குழாய் அழற்சி உண்டு. சிலருக்குக் கண்ணால் பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும், பயாப்சியில்தான் பிடிபடும். கெட்டியான சாப்பாடு சிக்குவதற்கு அது முக்கியமான ஒரு காரணம். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு இரும்புச்சத்து இருப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் இரும்புச்சத்துக் குறைவும் விழுங்குவதைச் சிரமமாக்கும். பெண்களிடம் அது கவனிக்கப்படாமலே போவது அதிகம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. சாப்பிட்டு முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகிறது என்கிறீர்கள். வலி தாங்காமல் நிறுத்துகிறீர்களா, வலியே இல்லாமல் மெல்லும் பலம் போய்விடுகிறதா? வலி என்றால் பெரும்பாலும் தசையும் மூட்டும்தான். பலம் குறைகிறது என்றால் விஷயம் வேறு. மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளை தசையில் சரியாகப் போய்ச் சேராது. முதல் வாய் நன்றாக மெல்ல முடியும், போகப் போக முடியாது. கீழ்த்தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்பவர்கள்கூட உண்டு. காலையைவிட மாலையில் மோசமாகும், ஓய்வெடுத்தால் தேறும். இமை சரிவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது எல்லாம் சேர்ந்து வரலாம். மூளை ஸ்கேனில் இது தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் நரம்பு-தசைச் சோதனையும் செய்தால்தான் தெரியும். இது அடிக்கடி வரும் நோய் அல்ல, உங்களுக்கு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல சிகிச்சை உள்ள நோய் என்பதால், இதை விலக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை. நரம்பியல் மருத்துவரிடம் இந்த விவரத்தை இதே மாதிரி சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 50 வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சாப்பாட்டை மென்றுகொண்டே போனால் தாடை வலித்து, நிறுத்தினால் வலி விட்டுவிடுகிறது. கூடவே புதிதாகத் தலைவலி, தலை சீவினால் உச்சியில் வலி, பார்வை மங்கல் என்று ஏதாவது வருகிறது என்றால், பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையின் ரத்தக் குழாய்கள் வீங்கும் நோயாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடலாம். அதேபோல வாய் திறப்பது வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருவது, கீழுதடோ முகவாயோ மரத்துப்போவது, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் அல்லது கரகரத்த குரல், சாப்பிடும்போது புரையேறுவது அல்லது மூக்கு வழியாக வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

சரி, தாடைக்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு? இப்போதே ஒன்று செய்து பாருங்கள். பற்களை ஒரு விரல் அளவு விலக்கி, வாயைத் திறந்தபடியே எச்சிலை விழுங்கிப் பாருங்கள். சிரமமாக இருக்கும், யாருக்குமே அப்படித்தான். விழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம் நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடி எலும்பு மேலேறி முன்னே வர வேண்டும். அதை இழுக்கும் தசைகள் கீழ்த்தாடையில் கட்டப்பட்டிருக்கின்றன. தாடை ஓரிடத்தில் நிலையாக நின்றால்தான் அவை இழுக்க முடியும். கீழ்த்தாடையும் மேல் தாடையும் எங்கே சேர்வது என்று தடுமாறும்போது, விழுங்குவதும் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தசைகளில் சிலவற்றுக்கும் மெல்லும் தசைகளுக்கும் கட்டளை கொண்டுவருவது ஒரே நரம்பு. இரண்டு தொந்தரவும் உங்களுக்குச் சேர்ந்து வந்ததில் வியப்பில்லை, அது கற்பனையும் இல்லை.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. விழுங்குவதில் சுமார் 25 ஜோடித் தசைகளும், மூளையிலிருந்து நேரே வரும் 12 ஜோடி நரம்புகளில் 5 ஜோடியும் வேலை செய்கின்றன. தொண்டையைக் கடக்கும் பகுதி ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிந்துவிடும். அதை நாம் யோசித்துச் செய்வதே இல்லை. யோசிக்க ஆரம்பித்தால் சிக்கல்தான். நலமாக இருக்கும் ஒருவரே, சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக வெறும் எச்சிலை அடுத்தடுத்து நாலைந்து முறை விழுங்கினால், அதற்கடுத்த முறை இறங்காது. விழுங்கத் தூண்டும் எச்சிலே அப்போது வாயில் மிச்சம் இருக்காது. அதைத் தொண்டை அடைப்பு என்று நினைத்துப் பயந்துபோனால், அடுத்த தடவை இன்னும் இறுக்கமாகும். உங்களுக்கு அந்தச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். தொண்டை காய்ந்தால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், போதும்.

இனி கடிக்கு வருவோம். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். பற்கள் காலைக்கும் மாலைக்கும் நடுவே இடம் மாறுவதில்லை. மாறுவது தசை. கீழ்த்தாடை மண்டை ஓட்டோடு ஒட்டி நிற்பதில்லை; காதுக்கு முன்னால் இரண்டு மூட்டுகளில், தசைகளின் பிடியில் தொங்குகிறது. ஒரு பக்கத் தசை இறுகினால் தாடை இம்மி அளவு நகரும். ஒரு மூட்டுக்குள் நீர் கோத்தால் அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்கள் சேராமல் போகும். அப்போது கடி மாறியது உண்மைதான். ஆனால் வலிக்குக் காரணம் கடி இல்லை. வலியும் வீக்கமும் சேர்ந்துதான் கடியை மாற்றியிருக்கின்றன. அந்த நிலையில் இடிக்கும் இடத்தைத் தேய்த்தால், தசை இளகித் தாடை பழைய இடத்துக்கு வரும்போது வேறோர் இடம் இடிக்கும். மறுபடி தேய்க்க வேண்டும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

ஆரம்பம் எங்கே என்று கேட்டால், அந்த ரூட் கேனல் நாளைத்தான் நான் சந்தேகப்படுவேன். கீழ்க்கடைவாய்ப் பல்லை மரக்கச் செய்யும் ஊசி, மெல்லும் தசைகளில் ஒன்றுக்கு மிக அருகில்தான் போகிறது. வெகுநேரம் திறந்திருந்த வாய், அதோடு அந்த ஊசி. தசையும் மூட்டும் அடிபடுவதற்கு இவை போதும். இது யாருடைய தவறும் ஆகாமலே நடக்கக்கூடியது.

பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. முடியைவிட மெல்லிய தகட்டைப் பற்களுக்கு நடுவே வைத்தாலும் அது கண்டுபிடித்துவிடும். ரூட் கேனலில் பல்லின் உள்நரம்பை எடுத்துவிட்டாலும் இந்த உறையின் உணர்வு போவதில்லை. அதனால்தான் கேப் போட்ட பல் துளி உயரம் என்றாலும் செருப்புக்குள் போன மணல்போல உறுத்துகிறது. சாதாரணமாகச் சில நாட்களில் மூளை அதைப் பழகி விட்டுவிடும். சிலருக்கு விடுவதில்லை. வலி, தூக்கமின்மை, திரும்பத் திரும்பத் தேய்த்தது, நாள் முழுக்கப் பற்களைத் தட்டித் தட்டிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து அந்த உணர்வை இன்னும் கூராக்கிவிடும். அப்புறம் எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் கடி பொருந்தியதாகவே தோன்றாது. 1976-இல் மார்பாக் என்ற பல் மருத்துவர் இதைப் பற்றி முதலில் எழுதியபோது வைத்த ‘ஃபேண்டம் பைட்’ (மாயக் கடி) என்ற பெயர் பலரைப் புண்படுத்தியது. ஏதோ இல்லாததைக் கற்பனை செய்கிறார்கள் என்பதுபோல அது ஒலித்தது. இந்தத் தொந்தரவு உண்மை. பல்லில் இருந்து போகும் செய்தியை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்தில் கோளாறு, அவ்வளவுதான். பல்லைத் தொட்டால் இது குணமாவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. அடுத்தடுத்துப் பல் மருத்துவரை மாற்றி, எல்லாப் பற்களுக்கும் கேப் போட்ட பிறகும் அதே கடியோடு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடியைச் சரிசெய்தால் தாடை வலி போகும் என்ற எண்ணம் பழையது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் இழந்தவர்களுக்குக் காதுவலியும் தாடைத் தொந்தரவும் வருவதற்குக் கடியே காரணம் என்று எழுதினார். பல தலைமுறைப் பல் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்வது தாடை மூட்டுக் கோளாறைக் குணமாக்கும் என்பதற்கோ, வராமல் தடுக்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்று 2003-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொன்னது. 2023-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்குப் பலமாகப் பரிந்துரைத்தவை வலியைக் கையாளும் உளவியல் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சை, தாடைப் பயிற்சிகள், நிற்கும் உட்காரும் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி ஆகியவற்றை. உங்களிடம் சொல்லப்பட்ட யோசனைகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நைட் கார்டை நிறுத்திவிடுங்கள். அதை எடுத்து உங்கள் வாயில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள்: கடைசிக் கடைவாய்ப் பல்வரை மூடுகிறதா? மூடாமல் விட்ட பல் மாதக்கணக்கில் எதிர்ப்பல் தொடாமல் இருந்தால் மெல்ல மேலெழும்பும். அப்புறம் அது முதலில் இடிக்க, முன்பற்கள் சேராமல் போகும். உங்கள் முன்பல் இடைவெளிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. கேப் செய்வதற்காக எடுத்த பல் அச்சு அல்லது டிஜிட்டல் ஸ்கேன் முதல் கிளினிக்கில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அச்சையும் புது அச்சையும் பக்கத்தில் வைத்தால் கடி நிஜமாகவே எவ்வளவு மாறியது, எவ்வளவு மாறியதாகத் தோன்றுகிறது என்பது தெரிந்துவிடும். இடைவெளி உண்மையிலேயே கூடிக்கொண்டே போனால் மூட்டு எலும்பு தேய்கிறதா, முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே மூன்று மாத இடைவெளியில் இரண்டு அச்சுகள் எடுத்து ஒப்பிடுவது மிகவும் உதவும். கார்டு போடத்தான் வேண்டும் என்றால், எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான ஒன்றை மருத்துவர் அளவெடுத்துச் செய்து, குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துவர வேண்டும்.

யார் கடியைப் பார்த்தாலும் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியைச் சாய்த்து மல்லாக்கப் படுக்கவைத்து, நிறத்தாளைக் கடிக்கச் சொல்லிக் குறி எடுத்தால், கீழ்த்தாடை சற்றுப் பின்னால் சரிந்திருக்கும். எழுந்து உட்கார்ந்தால் வேறு இடம் படும். சிறிய விஷயம்தான். ஆனால் தேய்த்து வீட்டுக்கு வந்ததுமே மறுபடி இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘டக்’ சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு போன்ற வட்டு சற்று முன்னால் நழுவி, வாயைத் திறக்கும்போது பழைய இடத்துக்கு வரும் சத்தம் அது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்தால் வட்டு நழுவியது அவர்களுக்கும் தெரியும். சத்தத்துக்காகவோ ஸ்கேனில் தெரிந்ததற்காகவோ ஆபரேஷன் செய்வதில்லை. உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வைத்தால் முன்பற்களுக்கு நடுவே போகிறதா என்று பாருங்கள். போனால் திறப்பு போதுமான அளவு இருக்கிறது. சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் மட்டும் உடனே காட்டுங்கள்.

இந்தப் பரிசோதனைகள் முடியும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதை விடாமல் செய்ய வேண்டும். உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் சேரக் கூடாது. சாப்பிடாத, விழுங்காத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப்பல்லும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி இருப்பதுதான் இயல்பு. அவை சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பிலேயே நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாக்கை எங்கே வைப்பது என்றால், ‘ன்’ என்று சொல்லும்போது நுனி தொடும் இடத்தில் லேசாக வைத்துக்கொள்ளுங்கள், அழுத்த வேண்டாம். போனைப் பார்க்கும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா என்று கவனியுங்கள். தொட்டால் விலக்குங்கள். கடி எப்படி இருக்கிறது என்று தட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் பதினைந்து நிமிடம் வைத்து, அதற்குப் பிறகு வாயை நேராக, வலிக்காத அளவு மெல்லத் திறந்து மூடுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். மென்மையானதைச் சாப்பிடலாம், ஆனால் எடை ஏற வேண்டும் என்பதால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேறு எந்த மாத்திரைகள் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஒவ்வாமை மாத்திரைகள், மன அழுத்த மாத்திரைகள் சில வாயை உலர வைக்கும், விழுங்குவது கடினமாகும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் பல்லைக் கடிப்பதையும் கூட்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். மாறாக, நாள்பட்ட தாடை வலிக்காக யாராவது சிறிய அளவில் மன அழுத்த மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தால், ‘என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்’ என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சிறிய அளவில் அது வேலை செய்வது வலி நரம்புகளில். வீட்டில் ‘மனசுதான்’ என்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். இரண்டு வருடம் கடி பொருந்தாமல், ஒரு வருடமாகச் சரியாக விழுங்க முடியாமல், போகிற இடமெல்லாம் ஒன்றுமில்லை என்று கேட்டவர் மனம் சோர்ந்துதான் இருப்பார். அந்தச் சோர்வுக்கும் உதவி தேவை. ஆனால் நோய் அதிலிருந்து தொடங்கியது என்று அர்த்தம் இல்லை.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். விழுங்கும் பரிசோதனைக்காக முதலில் மறுபடியும் ஈ.என்.டி., கூடவே ஸ்பீச் தெரபிஸ்ட். தாடைக்குப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் வாய் மருத்துவத் துறை அல்லது தாடை-முகவலி நிபுணர். பல்லைத் தொடாமல் சிகிச்சையைத் தொடங்குகிறவராக அவர் இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடலாம். எல்லோரிடமும் கொண்டுபோக ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த மாதம் எது தொடங்கியது, அதற்கு முன்னால் என்ன சிகிச்சை நடந்தது, எந்தப் பரிசோதனை எப்போது, எடை அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு. ரிப்போர்ட் கட்டைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். தாடைக்கான பயிற்சியின் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம், முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட வேண்டாம்.

பிரேஸ் போடும் கிளினிக்குக்கு இந்த வாரமே போன் செய்து, விழுங்குவதில் பிரச்சினை இருப்பதால் பரிசோதனை முடியும்வரை தள்ளிவைக்கிறேன் என்று சொல்லுங்கள். கட்டிய பணத்தைப் பின்னால் வரவு வைக்க முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருப்பித் தர மாட்டோம் என்று சொன்னாலும், பணம் போகிறதே என்பதற்காகப் பல்லில் கம்பி கட்டிக்கொள்ளாதீர்கள். விழுங்கும் பரிசோதனையின் முடிவு வந்ததும், மெல்லும்போது நின்றது வலியாலா பலம் போனதாலா என்ற விவரத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.